பிடி அரிசியும் பயிற்சிக் கட்டணமும்

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலை என்று யாரும் சொல்வதில்லை; பயர் ஆபீஸ் என்பார்கள். வெம்பக்கோட்டைப் பக்கத்துத் தாயில்பட்டியிலும் அதே பேச்சுதான். அங்கே பிளஸ் டூ படிக்கும் பெண் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "பயிற்சிக்கு எங்கே சேர்ப்பது?" என்பது. சிவகாசியா, சாத்தூரா, விடுதியில் தங்கவைத்து மதுரையா? ஏற்கெனவே ஒரு பள்ளியில் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பற்றி மறுபடியும் இப்படிக் கேட்க வேண்டியிருக்கிறது. இது பணக் கேள்வியாகத் தோன்றினாலும் இதற்குள் ஓர் அறக் கேள்வி இருக்கிறது.

வெடிமருந்துக்கு நடுவே உட்கார்ந்து பீஸ் ரேட்டில் சேர்த்த கூலியை, நீட் என்னும் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான ஒரு பிள்ளையின் பயிற்சிக்குக் கொட்டுவது சரிதானா? அதே ஆசையோடு, அந்தப் பணமில்லாமல் அடுத்த வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கும்போது அது நியாயமா? பயிற்சியை விற்பவர், வாங்குபவர், வாங்க முடியாதவர் ஆகிய மூவருக்குள் யார் யாருக்குக் கடமைப்பட்டவர்?

பயிற்சி எவ்வளவு தேவை என்பதை முதலில் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு 1984-இல் வந்தது. 2006-இல் இயற்றிய சட்டத்தால் போனது. 2017 முதல் மருத்துவத்துக்கு நீட் வந்து உட்கார்ந்தது. 2019-இல் நீட் ஆள்மாறாட்ட விவகாரம் வெளிவந்தபோது சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு கணக்கு வைக்கப்பட்டது. அந்த ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில் பயிற்சி மையத்துக்குப் போகாதவர்கள் 48 பேர். நீட்டின் விளைவுகளை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கை இன்னொரு கணக்கைச் சொன்னது. மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் பிளஸ் டூ முடித்து ஓராண்டோ அதற்கு மேலோ கழித்து வந்தவர்கள் 2016-17-இல் 12.47 விழுக்காடு, 2020-21-இல் 71.42 விழுக்காடு.

முதல் கணக்கு பயிற்சியை வழிச்சுங்கம் ஆக்குகிறது. இரண்டாவது கணக்கு, அந்தச் சுங்கம் பணமாக மட்டும் வாங்கப்படுவதில்லை, ஆண்டாகவும் வாங்கப்படுகிறது என்று காட்டுகிறது. வசதியுள்ள வீட்டில் ஓராண்டு என்பது ஓராண்டுதான். கூலி வீட்டில் அது சம்பாதிக்காத ஒரு கை, விடுதிக் கட்டணம், ஊராரின் "இன்னும் சேரலையா?" என்ற விசாரிப்பு எல்லாம் சேர்ந்தது.

தன் பிள்ளைக்கு நல்லது தேடுவதைக் குற்றமென்று சொல்லும் அறம் எந்த வீட்டு வாசலிலும் நிற்காது. தாயில்பட்டியில் அதற்குக் கூடுதல் நியாயமும் உண்டு. சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் வேலை செய்ததை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அப்போது தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்த சிறுமிக்கு இன்று கல்லூரி வயதில் மகள் இருக்கலாம். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பரிலும் அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரியிலும் நடந்த வெடிவிபத்துகளை அந்தத் தாய் செய்தியாக மட்டும் படித்திருக்க மாட்டாள். 2021 ஜூனில் தாயில்பட்டியிலேயே ஒரு வீட்டில் வெடித்து உயிர்கள் போயின. இந்த ஊரில் பயிற்சிக் கட்டணம் அந்தஸ்துக்கான செலவு அல்ல. மகள் இந்த வேலைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகக் கட்டும் பணம் அது. இதைப் பேராசை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஆனால் எதிர்ப்பக்கமும் வலுவானது. கல்வி, கொடுக்கக் குறையாதது. ஒரு பிள்ளை உயிரியல் கற்றுக்கொண்டால் அடுத்த பிள்ளையின் உயிரியல் குறைந்துபோவதில்லை. கல்லூரி இடமோ அப்படியல்ல. விருதுநகர் உட்பட 11 மாவட்டங்களில் 2022 ஜனவரியில் ஒரே நாளில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 11-இலும் சேர்த்து 1,450 இடங்கள். ஒருவர் உட்கார்ந்த நாற்காலியில் இன்னொருவர் உட்கார முடியாது. பயிற்சி மையத்தில் இந்த இரண்டு சரக்கும் கலந்தே விற்கின்றன. சவ்வூடுபரவலைப் புரியும்படி சொல்வது கல்வி. 180 கேள்விகளில் எதைத் தொடாமல் விடுவது, தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் குறைவதை எப்படித் தவிர்ப்பது என்று பழக்குவது பந்தயம். முதல் சரக்கை வாங்கியவரால் யாருக்கும் நட்டமில்லை. இரண்டாவதை எல்லோரும் வாங்கினால் எவருக்கும் லாபமில்லை. சிலர் மட்டும் வாங்கினால் மற்றவர்கள் பின்தங்குகிறார்கள்.

ஆகவே பயிற்சி ஆசிரியரைத் தேடும் குடும்பம் கட்டணத்தையும் சென்ற ஆண்டுத் தேர்ச்சிப் பட்டியலையும் விசாரிப்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இடம் கிடைக்காமல் போனால் பிள்ளையிடம் மிஞ்சுவது என்ன? வேதியியலும் உயிரியலும் மனத்தில் தங்கி, செவிலியர் படிப்புக்கோ வேளாண் படிப்புக்கோ அறிவியல் பட்டப்படிப்புக்கோ துணையாகும் என்றால் கொடுத்த பணம் வீணில்லை. கட்டம் நிரப்பும் வேகமும் "நான் லாயக்கில்லை" என்ற எண்ணமும்தான் மிஞ்சும் என்றால் அது கல்விச் செலவாகாது. நல்ல வாத்தியாரையும் நல்ல வியாபாரியையும் பிரித்துப் பார்க்க இதைவிட எளிய உரைகல் இல்லை. தேர்ச்சி பெற்றவர்களின் படங்களைப் பெரிதாக அச்சிடும் மையங்கள், கட்டணம் கட்டியும் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்று அச்சிடுவதில்லை. அந்த எண்ணை வாய் திறந்து சொல்வது விற்பவரின் முதல் கடமை.

பள்ளி ஆசிரியரின் கடமை இன்னும் கண்டிப்பானது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு ஆசிரியர்கள் தனிவகுப்பு எடுக்கக் கூடாது என்கிறது. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் என்று வாதாடலாம். அதன் உள்நோக்கம் வகுப்பைப் பார்த்து மாறுவதில்லை. பகலில் வகுப்பறையில் கொடுக்க வேண்டியதைக் கொஞ்சம் மிச்சம் பிடித்து மாலையில் விலைக்குக் கொடுத்தால், ஒரே பொருளுக்கு இரண்டு முறை கூலி வாங்கியதாகும். முதல் கூலியை ஊரார் வரியாகக் கொடுத்துவிட்டார்கள்.

நுழைவுத் தேர்வு ஒழிந்தால் இந்தச் சிக்கலும் ஒழியும் என்பது பாதி உண்மை. பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டுமே வைத்து இடம் கொடுத்த காலத்தில், பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போடவைத்த விடுதிப் பள்ளிகளை மறக்க முடியாது. பிராய்லர் பள்ளிகள் என்றே அவற்றுக்குப் பெயர். இடம் குறைவாகவும் ஆசை மிகுதியாகவும் இருக்கும்வரை எந்த அளவுகோலைச் சுற்றியும் ஒரு சந்தை முளைக்கும்.

அப்படியென்றால் எல்லா அளவுகோலும் ஒன்றுதானா? விருதுநகர் மாவட்டமே அதற்கு விடை சொல்லும். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது, 2023-இலும் 97.85 விழுக்காட்டோடு முதலிடம். தேர்ச்சி விகிதம் கடைசி பெஞ்சை எண்ணும் கணக்கு. தடுமாறும் பிள்ளையை மாலையில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தால்தான் அது ஏறும். சொல்லிக் கொடுப்பதும் அதே பள்ளியின் ஆசிரியர்தான். நுழைவுத் தேர்வு முன்வரிசையை மட்டும் எண்ணுகிறது. முதல் கணக்கில் பிள்ளையின் டியூஷன் வாத்தியாராகப் பள்ளியே இருந்தது. இரண்டாவது கணக்கு அவளை வெளியே அனுப்பி ஆள் தேடச் சொல்கிறது.

அரசு இதை உணராமல் இல்லை. 2017 இறுதியில் ஒன்றியங்கள்தோறும் 412 இலவசப் பயிற்சி மையங்கள் அறிவிக்கப்பட்டன. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமானது. ஓடத் தொடங்கிய இடம் ஒன்றாக இருப்பவர்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த ஏற்பாடு நியாயமானது. ஆனால் அந்த 7.5-க்குள்ளும் பயிற்சிக்குப் பணம் புரட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை ஓரடி முன்னால் நிற்கிறது. இலவசப் பயிற்சி ஏழைக்குச் சுங்கத்தைத் தள்ளுபடி செய்கிறது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவில் சாவடி எதற்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சாவடி நீங்கும்வரை தாயில்பட்டித் தாய் காத்திருக்க முடியாது. அவளுக்குச் சொல்லக் கூடியது இதுதான். சேர்த்த கூலியைக் கொடுக்கலாம். நகையை வைக்கலாமா என்பதை வீடு யோசித்து முடிவெடுக்கலாம். ஆனால் பயர் ஆபீசில் பெரிய முன்பணம் வாங்கி, அது கழியும்வரை மருந்தறையை விட்டு விலக முடியாதபடி தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்வது கூடாது. மகளை வெளியே கொண்டுவரும் வழி தாயை உள்ளே வைத்துப் பூட்டுவதாக இருக்கக் கூடாது. அப்படி வாங்கிய பணத்தின் கனம் தேர்வறையில் மகளின் கையிலும் இறங்கும். அவள் எழுதுவது தேர்வாக இராது, கடன் பத்திரமாகிவிடும். பெற்றோர் தியாகத்தைச் சொல்லிக் காட்டாமல் இருப்பதும் அதனால்தான் கடமையாகிறது.

வெற்றி பெற்ற பிள்ளைக்கும் கணக்கு உண்டு. விருதுநகரில் காமராஜர் சிறுவனாகப் படித்த சத்திரிய வித்தியாசாலை பிடி அரிசியால் நடந்த பள்ளி. வீடுதோறும் உலையில் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியைப் பள்ளிக்கென்று எடுத்துவைப்பார்கள். அதைத் திரட்டித்தான் பிள்ளைகள் சம்பளமில்லாமல் படித்தார்கள். அந்த ஏற்பாட்டில் இரண்டு நுட்பங்கள் உண்டு. கொடுப்பவரின் பானை குறைந்தது தெரியாது. எந்த வீட்டு அரிசி எந்தப் பிள்ளையைப் படிக்கவைத்தது என்று யாராலும் சொல்லவும் முடியாது. பள்ளிக்குக் கொடுத்ததால் அது எல்லாப் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்தது.

இன்றைய பயிற்சிக் கட்டணம் அதற்கு நேரெதிர். வீட்டையே அரித்துவிடும் அளவுக்குப் பெரியது. ஒரே ஒரு பிள்ளைக்கானது. பெரிய செலவை உடனே சிறிதாக்க முடியாவிட்டாலும், ஒருவருக்கானதைப் பலருக்கானதாக்க இப்போதே முடியும். பயிற்சிக்குப் போய் வந்த பெண் தன் குறிப்பேடுகளைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடாமல் பள்ளி நூலகத்தில் வைக்கலாம். முதல் முறை கோட்டைவிட்டது எங்கே என்று அடுத்த ஆண்டு எழுதப்போகும் தங்கச்சிகளிடம் மறைக்காமல் சொல்லலாம். ஊருக்கு வரும் விடுமுறையில் இரண்டு மணி நேரம் பள்ளித் திண்ணையில் உட்காரலாம். 7.5 ஒதுக்கீட்டில் சேர்ந்து அரசே கட்டணம் கட்டப் படிப்பவருக்கு இதைத் தானம் என்று சொல்லவும் முடியாது. ஊரார் ஏற்கெனவே எடுத்துவைத்த அரிசியைத்தான் அவர் உண்டிருக்கிறார்.

பயிற்சி ஆசிரியரைத் தேடிப் போவதில் பிழையில்லை. பணம் கொடுத்து வாங்கியதாலேயே அது தனக்கு மட்டும் உரியது என்று நினைப்பதுதான் பிழை. மகளை மதுரைக்கு வண்டி ஏற்றிவிட்டு வேலைக்குத் திரும்பும் தாய், அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்து, "அக்கா லீவுக்கு வந்ததும் கேட்டுக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், அன்றைய பிடி அரிசி அதுவே.