கெடாத போன்

பென்னாகரம் பக்கத்துப் பால்வாடிகளிலும் சித்தேரி மலை ஊர்களிலும் இரண்டு கருவிகள் அக்கம்பக்கமாக வேலை செய்கின்றன. ஒன்று, உத்தரத்தில் மாட்டிக் குழந்தையை உட்காரவைத்து நிறுக்கும் தொங்கு தராசு. மற்றது டீச்சரின் செல்போன். தராசு எந்த வருடம் வாங்கியது என்று யாரும் கேட்பதில்லை. முள் நின்ற இடம்தான் எடை. போனுக்கோ தினம் ஒரு புகார்: "அப்டேட் கேக்குது", "சுத்திக்கிட்டே இருக்குது", "ஹேங் ஆயிடுச்சு".

மாதாமாதம் குழந்தையை நிறுத்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கும் பழக்கத்தை நம் ஊர்களில் வேரூன்றச் செய்தது, 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். அதற்கு அட்டையும் பேனாவும் போதும். 2021 மார்ச்சில், பால்வாடிப் பதிவுகளைப் போனில் ஏற்றுவதற்கு 'போஷன் டிராக்கர்' செயலி வந்தது. 2025 ஜூலை முதல், வீட்டுக்கு எடுத்துப்போகும் சத்துமாவுக்குத் தாயின் முகப்பதிவும் கட்டாயமாயிற்று. அதைச் சரிபார்க்க ஓடிபி வரும் எண் பல வீடுகளில் புருஷனுடையதாக இருக்கும். அவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார். அந்தச் சிக்கலையாவது ஒரு போன் பண்ணித் தீர்த்துவிடலாம். டீச்சரின் போனே புதிய செயலியைத் தாங்காவிட்டால் என்ன செய்வது?

அந்தப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் பழுது தெரியாது. திரை எரிகிறது, பேட்டரி தாங்குகிறது. சிக்கல் வேறிடத்தில்: போனை ஓட்டும் மென்பொருளான ஆண்ட்ராய்டை எழுதுவது கூகுள். அது ஓட வேண்டிய சிப்பைச் செய்வது வேறு நிறுவனம். இரண்டையும் பொருத்தி விற்பது மூன்றாவது ஒன்று. சிப் நிறுவனம் கைவிட்டால் பெரும்பாலும் விற்றவரும் கைவிடுவார். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022இன் தொடக்கத்தோடு நின்றன. 2023 அக்டோபரில் வாட்ஸ்அப், ஆண்ட்ராய்டு 5க்குக் கீழே உள்ளவற்றோடு உறவை முறித்துக்கொண்டது. ஊர்விலக்கு வைப்பதைப் போலத்தான் இதுவும்: ஆள் நல்லபடியாகத்தான் இருக்கிறார், அவரோடு யாரும் பேசுவதில்லை. போன் முதுமையடைவது அதன் உடம்பில் அல்ல, மற்றவர்களின் முடிவில்.

அந்த முடிவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. 2013இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு ஆப்பிள் 2023 ஜனவரியில்கூட ஒரு திருத்தம் அனுப்பியது. பிக்சல் 8க்கும் சாம்சங் எஸ்24க்கும் ஏழாண்டு அப்டேட் வாக்கு உண்டு. ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய் போன்கள் பலவற்றுக்கு அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. பணம் இருப்பவருக்கு வேகமான போன் கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவருக்குக் கிடைப்பது காலம். சீக்கிரம் ஒதுக்கப்படுபவர், தன் போனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாதவர். 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள் இரண்டு ஜிபி ராம் மட்டுமே கொண்ட, செயலியை ஓட்டத் திணறிய அரசு போன்களைக் கூட்டங்கூட்டமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அது கோபம் மட்டுமில்லை. கணக்கும் சரியாக இருந்தது. டெண்டரில் விலையை மிச்சப்படுத்தியவர் ஒருவர், வேலை நேரத்தைத் தொலைத்தவர் இன்னொருவர்.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி போட்டிருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்தாண்டுகள் அப்டேட் கிடைக்க வேண்டும். நம் நாட்டில் போன் பெட்டியின் மேல் அதிகபட்ச விலையும் தயாரித்த மாதமும் இருந்தாக வேண்டும். எந்த ஆண்டோடு அப்டேட் நிற்கும் என்பது இருக்க வேண்டியதில்லை. டீச்சர் கையால் கொடுக்கும் சத்துமாவுப் பொட்டலத்தில் எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்று போட்டிருக்கிறது. அதைக் கொடுத்ததாகப் பதியும் போனுக்கும் அப்படியொரு தேதி உண்டு. தமிழ்நாட்டின் ஐம்பத்து நாலாயிரத்துச் சொச்சம் அங்கன்வாடி மையங்களுக்கு அடுத்த முறை போன் வாங்கும்போது, டெண்டரில் விலைக்குப் பக்கத்தில் அப்டேட் நிற்கும் ஆண்டையும் எழுதிக் கேட்கலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் விற்கிறவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.