சாமி படமும் ஒரு சின்னப் பொய்யும்

"தம்பி, இது கையால வரைஞ்சதா?"

போன வருடம் எங்கள் பல்கலைக்கழக இந்து மாணவர்கள் போட்ட தீபாவளிக் கடையில் ஓர் ஆன்ட்டி என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கையில் இருந்தது ரவிவர்மாவின் லட்சுமி. கேன்வாஸ் துணியில் பிரிண்ட் எடுத்து, மேலே நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் தடவி, சட்டம் போட்ட படம். பிரிண்டர் வேலை முழுக்க என்னுடையது. பக்கத்தில் நின்ற நண்பன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். நான், "ஆமா ஆன்ட்டி" என்றேன்.

பணம் எனக்கு வரவில்லை. வசதியில்லாத பிள்ளைகளின் டியூஷன் செலவுக்குத்தான் போனது. ரவிவர்மா இறந்தது 1906-இல், அதனால் காப்புரிமைச் சிக்கலும் இல்லை. அப்படியிருந்தும் மனசு உறுத்தியது. தப்பு என்றால் எது தப்பு? நகல் எடுத்ததா, விற்றதா, சொன்னதா? பொறியியல் படிக்கிறவன் புத்தி வேறு எப்படிப் போகும்! ஓடாத மெஷினைப் பிரிப்பது மாதிரி அந்த உறுத்தலைப் பிரித்துப் பார்த்தேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். எண்ணெய் வண்ணம் என்பது நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெய் போன்ற ஒன்றில் குழைத்தது. அது தண்ணீர் வற்றிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. அதனால்தான் ஓவியர் நாள்கணக்கில் திருத்தித் திருத்தி வேலை செய்ய முடிகிறது. நீர்வண்ணத்தில் பொடியைப் பிடித்து வைப்பது பிசின். காகிதத்தின் வெண்மைதான் அங்கே வெளிச்சம். தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணக் கலவையால் மேடாக்கி, தங்க ரேக்கு பதிக்கிறார்கள். விளக்குச் சுடர் அசைந்தால் அந்தத் தங்கமும் அசையும். என் பிரிண்டருக்கு இதெல்லாம் ஒன்றுதான், வெறும் மைத்துளிகள். உருவம் வந்துவிடும். கை போன பாதை வராது. நான் தடவிய ஜெல், இல்லாத ஒரு கையை இருப்பதாகக் காட்டியது.

அப்படியென்றால் நகல் என்றாலே மட்டமா? அங்கேதான் பாட்டி என்னை மடக்கினார்.

பாட்டி வீட்டு சாமி மேடையில் ஒரு பழைய லட்சுமி படம் இருக்கிறது. தோட்டத்து லயத்திலிருந்து தாமான் வீட்டுக்கு மாறும்போது மடியில் வைத்துக் கொண்டுவந்தது. வெயில் பட்டுப் பட்டு இப்போது நீலம் பாய்ந்துவிட்டது. மலிவான அச்சில் மஞ்சளும் சிவப்பும்தான் பெரும்பாலும் முதலில் வெளுக்கும்; நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். "கடைசியில எல்லா சாமியும் கிருஷ்ணர் கலர்தான்டா" என்று பாட்டி சிரிப்பார். பருத்திக் காகிதத்தில், எளிதில் வெளுக்காத மையில் புதிதாக அச்சிட்டுத் தருகிறேன், இதை எடுத்துவிடலாம் என்றேன். "புதுசைப் பக்கத்துல மாட்டு. உங்க தாத்தா காய்ச்சல்ல கிடந்தப்ப நான் அழுதது இந்த முகத்தைப் பார்த்துதான்" என்றார். ஆயிரக்கணக்கில் அச்சான படங்களில் ஒன்று. ஆனால் பாட்டிக்கு அதுபோல் இன்னொன்று உலகத்தில் கிடையாது.

நம் வீடுகளில் தொங்கும் பல சாமி படங்களின் முகச்சாயலுக்கு மூலம் ரவிவர்மாதான். 1894-இல் மும்பையில் அவர் அச்சகம் தொடங்கி, ஜெர்மானியத் தொழில்நுட்பர்களை வைத்து தன் ஓவியங்களை அச்சிட்டார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே விதியில் நடப்பது கல்லச்சு. கல்லில் பசைமையால் வரைந்து ஈரப்படுத்தினால், அச்சு மை கோட்டில் மட்டும் ஒட்டும், ஈரத்தில் ஒட்டாது. நிறத்துக்கு ஒரு கல். ஒரே தாள் எல்லாக் கல்லிலும் மயிரிழை பிசகாமல் விழ வேண்டும். கடைசியில் எண்ணெய் ஓவியம் போலவே பளபளக்க வார்னிஷ்.

அரண்மனைச் சுவரில் இருந்த படம் அப்படித்தான் சாதாரண வீட்டுக்கு வந்தது. அவர் பிறந்த திருவிதாங்கூரில், தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட இந்துக்களுக்கு அரசுக் கோயில்கள் திறந்தது 1936-இல். அச்சகம் தொடங்கி 42 வருடம் கழித்து! கோயில் வாசலில் தடுக்கப்பட்ட ஒருவர், சாமி படத்தை வீட்டுச் சுவரில் மாட்டுவதை யார் தடுப்பது? நகல் மட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம் வரும். வார்னிஷ் பூசிய ரவிவர்மா அச்சும் எண்ணெய் ஓவியம் போல நடித்ததுதானே? நான் ஜெல் பூசியதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? யோசித்துப் பார்த்தேன். அது அச்சுப் படம் என்று சொல்லியே, அச்சுப் படத்தின் விலைக்கே விற்கப்பட்டது. 'போல இருப்பது' வேறு, 'அதுவேதான் என்று சொல்வது' வேறு. பூச்சு இரண்டிலும் இருந்தது. பொய் என்னுடையதில் மட்டும் இருந்தது.

கோயில் நமக்கு இதை முன்பே சொல்லிக்கொடுத்திருக்கிறது. கும்பாபிஷேகத் திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்வார்கள். பல கோயில்களில் சாமி உருவத்தை மரப்பலகையில் வரைந்து, அதில் எழுந்தருளச் செய்து, பூஜையெல்லாம் அங்கேயே நடக்கும். அது கருவறைச் சிலை என்று யாரும் ஏமாற்றுவதில்லை. பலகை என்று தெரிந்தே கும்பிடுகிறோம். பலகையில் வர மறுக்காத சாமி, காகிதத்தில் மட்டும் வர மறுக்குமா என்ன? சாமிக்கு நகல் ஒரு பிரச்சினையே இல்லை. வாங்கும் மனுஷனுக்குத்தான் உண்மை தெரிய வேண்டும்.

அந்த ஆன்ட்டி வழக்கமாக வரும் கோயிலில்தான் நாங்கள் உழவாரப் பணி செய்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்து உண்மையைச் சொன்னேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"படம் நல்லாத்தான்யா இருக்கு. தினம் விளக்கு ஏத்துறேன். ஆனா யாரோ ஒரு பிள்ளை ராத்திரி பகலா உக்காந்து வரைஞ்சிருக்குன்னு வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேனே."

பணத்தை வாங்கவில்லை. என் பொய்யை அவர் வாயால் எத்தனை பேரிடம் சொல்ல வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அதைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வழி இல்லை.

இந்த வருடமும் கடை போடுகிறோம். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஒரு சீட்டு: மூல ஓவியம் யாருடையது, எந்த வண்ணத்தில் வரைந்தது, இது எந்தத் துணியில், எந்த மையில் அச்சிட்டது. நண்பன், "இப்படி எழுதினா யாருடா வாங்குவா?" என்கிறான். ஒருவேளை குறைவாகத்தான் விற்கும். விற்கிறவரை போதும்.

உங்கள் வீட்டு சாமி படத்தை ஒருநாள் போன் கேமராவில் நெருக்கிப் பாருங்கள். அச்சுப் படமென்றால் குட்டிக் குட்டிப் புள்ளிகள் தெரியலாம். தெரிந்த பிறகும் கை தானாகக் கும்பிடும். கும்பிடட்டும்.