அளவுகோலும் அமானிதமும்

ஒருவர் உழைத்த கூலியை, அவருடைய அண்டை வீட்டார் எப்படி உழைத்தார்கள் என்று பார்த்துக் கொடுக்கலாமா? கூடாது என்று சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஏறத்தாழ அதுதான் நடந்தது.

கொரோனா நோயினால் அங்கே 'ஏ லெவல்' தேர்வுகள் நிறுத்தப்பட்டன. ஆசிரியர்கள் மதிப்பிட்டு அனுப்பிய தரங்களை, அரசின் தேர்வு ஆணையம் கணிப்பொறிக் கணக்கு ஒன்றினால் திருத்தியது. அப்பள்ளி முந்திய ஆண்டுகளில் பெற்ற தேர்ச்சி, அக்கணக்கின் முக்கிய அடிப்படை. ஆகஸ்ட் 13ல் முடிவு வந்தபோது, நூற்றுக்கு 39 தரங்கள் குறைக்கப்பட்டிருந்தன. ஐந்து பேருக்கு மேற்படாத வகுப்புகளில் மட்டும் ஆசிரியர் சொல்லே நின்றது. அத்தகைய சிறு வகுப்புகள் கட்டணப் பள்ளிகளில் மிகுதி. ஆதாயமும் அங்கேயே சேர்ந்தது. மாணவர்கள் தெருவில் இறங்கிக் குரல் எழுப்பினார்கள். 17ந் தேதி அக்கணக்கு கைவிடப்பட்டது.

"ஆசிரியர்கள் தாராளமாக மதிப்பிட்டார்களே, முந்திய ஆண்டு மாணவர்களுக்கு அது அநீதியல்லவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும், மொத்தக் கணக்கு ஒத்துவர வேண்டும் என்பதற்காக, நன்கு படித்த ஓர் ஏழைப் பிள்ளையின் உரிமையைப் பறிப்பது நீதியாகாது. அவரவர் செயலுக்கே அவரவருக்குக் கணக்கு என்று நம்பும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்று செயற்கை நுண்ணறிவு இதைவிடப் பெரிய கணக்குகளைப் போடுகிறது. கட்டுரை திருத்துகிறது, எந்தப் பிள்ளை பின்தங்கும் என்று முன்கூட்டியே சொல்கிறது. பழைய விவரங்களில் ஏற்றத்தாழ்வு இருந்தால், அதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. இவற்றுக்காகப் பிள்ளைகளின் விவரங்கள் திரட்டப்படுகின்றன. வீட்டிலிருந்து எழுதும் தேர்வுகளில் காமிரா அறைக்குள்ளும் நுழைகிறது. அமெரிக்காவின் கிளீவ்லண்டில் ஒரு பல்கலைக்கழகம், தேர்வுக்கு முன் மாணவர் தம் அறையைக் காமிராவில் சுற்றிக் காட்ட வேண்டும் என்றது. அது அரசியல் சட்டத்திற்கு முரணான சோதனை என்று 2022ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஸலாம் கூறி, அனுமதி பெற்றே பிறர் வீட்டினுள் நுழையப் பழகியவர்கள் நாம். காட்டாவிட்டால் தேர்வு இல்லை என்ற அச்சத்தில் தருவது அனுமதியாகுமா?

பிள்ளையின் தவறும் தடுமாற்றமும் ஆசிரியர் கையில் அமானிதம். நல்ல ஆசிரியர் திருத்துவார், பிறரறியாமல் மறைப்பார், பின்னர் மறந்தும் விடுவார். இயந்திரத்தில் பதிந்ததோ, யாரேனும் அழித்தாலன்றி அழியாது.

கருவியே வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை. பார்வையற்ற பிள்ளைக்குப் பாடத்தை வாசித்துக் காட்டவும் அது உதவுகிறது. ஆனால் பெற்றோர்களே, பள்ளியில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என் பிள்ளையைப் பற்றி எதைத் திரட்டுகிறீர்கள்? எப்போது அழிப்பீர்கள்? முடிவு தவறானால் யாரிடம் முறையிடுவது? பதில் சொல்ல ஒரு மனிதரும் இல்லாத இடத்தில் பிள்ளையின் எதிர்காலத்தை ஒப்படைக்காதீர்கள்.