மண்ணும் மனமும்

ஹைதராபாத் நகரின் காஞ்சன்பாக் பகுதியிலுள்ள பாதுகாப்புத் துறை ஏவுகணை ஆய்வுக்கூடத்திற்கு 1982-இல் இயக்குநராகப் பொறுப்பேற்றார் டாக்டர் அப்துல் கலாம். பிருத்வியும் (1988) அக்னியும் (1989) அவரது வழிகாட்டுதலில் விண்ணேறின. 1931-இல் இராமேஸ்வரத்தில் பிறந்து, தாய்மொழியில் எழுத்தறிந்த படகுக்காரர் மகன் அவர்.

இத்தகைய வாழ்வைக் கண்டதும் சிலர், "திறமை இருந்தால் எந்த மண்ணிலும் முளைக்கும்" என்பார்கள். வேறு சிலர், "ஊரும் சூழலுமே மனிதனை ஆக்குகின்றன" என்பார்கள். பின்னது பிள்ளையின் நம்பிக்கையைப் பறிக்கிறது; முன்னதோ நம் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறது. முன்னதே அதிக ஆபத்தானது என்று தோன்றுகிறது.

பூரணத்துவம் உள்ளிருந்தே வெளிப்படுகிறது, ஆசான் செய்யத்தக்கது தடைகளை விலக்குவதே என்பது சுவாமி விவேகானந்தரின் கொள்கை. ஆயின் அத்தடைகளை வைத்தது யார்?

கலாம் தம் சுயசரிதையில் கூறும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்பில் அவர் முன் வரிசையில், கோயில் தலைமை அர்ச்சகரின் புதல்வர் இராமநாத சாஸ்திரியின் அருகில் அமர்வது வழக்கம். புதிதாக வந்த ஆசிரியருக்கு, பூணூல் அணிந்த சிறுவனும் தொப்பி அணிந்த சிறுவனும் சேர்ந்திருப்பது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். நண்பனோ கண்ணீர் விட்டான். செய்தியறிந்த அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரிகள் ஆசிரியரை வரவழைத்து, பிஞ்சு உள்ளங்களில் வேற்றுமை நஞ்சைப் பரப்பலாகாது எனக் கண்டித்தார். மன்னிப்புக் கேட்கவேண்டும், இல்லையேல் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்றார். ஆசிரியர் வருந்தித் திருந்தினார்.

பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளியதும் பண்பாடுதான். முன்னுக்கு அழைத்ததும் அதே பண்பாடுதான். குழந்தையின் சிந்தனை முதலில் பிறரோடு கொள்ளும் உறவில் தோன்றி, பின்னரே அதன் அகத்தில் குடிகொள்கிறது என்றார் ருஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி. ஊர் என்பது குழந்தையிடம் வரைபடமாக வருவதில்லை. ஆசிரியராக, அண்டை வீட்டாராக, தோழனின் தந்தையாகவே வந்து சேர்கிறது. ஆகவே, "எங்கள் வழக்கம் இப்படி" என்று எவரும் விலகி நிற்க இயலாது. அன்று அர்ச்சகர் மௌனமாக இருந்திருந்தால், அம்மௌனமும் அச்சிறுவனுக்கு ஒரு பாடமாகவே அமைந்திருக்கும்.

அவருடைய அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் ஒருமுறை அவரைத் தம் இல்லத்திற்கு உணவுண்ண அழைத்தார். ஆசாரம் மிக்க அவர் மனைவி, தம் சமையலறையில் இஸ்லாமியச் சிறுவனுக்குப் பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் மனைவியைக் கடிந்துகொள்ளவில்லை. தாமே பரிமாறி, அருகிலமர்ந்து உண்டார். விடைபெறும்போது, அடுத்த வார இறுதியிலும் வருமாறு அழைத்தார். சிறுவன் தயங்கினான். ஆயினும் சென்றான். அன்று அவனைச் சமையலறைக்குள் அழைத்துச் சென்று, தம் கையாலேயே பரிமாறியவர் அந்த அம்மையார்.