எர்த்தைப் பாத்தீங்களா?

ஞாயிற்றுக்கிழமை. லாரி வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் நிற்கிறது. நாளை இரவுதான் லோடு. நேற்று நானே மாட்டிய பகல் விளக்குகளில் இடப்பக்கத்து விளக்கு பளிச்சென்று எரிகிறது. வலப்பக்கத்து விளக்கு மங்கல். வலது இண்டிகேட்டரைப் போட்டால் அது விட்டுவிட்டு அணைகிறது. இண்டிகேட்டர் எரிந்தால் இது அணையும். அது அணைந்தால் இது மங்கலாய்த் திரும்ப வரும். காலையிலிருந்து இதையே பார்த்துக்கொண்டு குத்தவைத்திருக்கிறேன்.

*

இந்த விளக்குகளை ஏன் மாட்டினேன் என்பதை எழுதிவைக்க வேண்டும்.

போன ஆடியில் ஒரு மத்தியானம், திருச்செங்கோட்டுச் சாலை. வெளியே கண் கூசும் வெயில். புளியமர நிழலுக்குள் எதிரே ஒரு டிப்பர் வந்திருக்கிறது. மண் நிறத்து வண்டி, மேலெல்லாம் புழுதி. பக்கத்தில் வரும்வரை என் கண்ணில் படவே இல்லை. வெயிலில் பழகிய கண்ணுக்கு நிழல் முழுக்க ஒரே கருப்பு. அதற்கு முன்னால் வந்த மொபெட்டை மட்டும் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். அதில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் வரும் புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் தானாகவே எரிந்துகொண்டிருக்கும் அல்லவா, அந்த விளக்கு. அத்தனை சின்ன மொபெட் தெரிந்தது, லோடு ஏற்றிய டிப்பர் தெரியவில்லை. எல்லோரும் பிழைத்தோம்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் லாரியும் எத்தனை பேர் கண்ணுக்கு அப்படி இருட்டாக வந்து நின்றிருக்கும்?

இரவு விளக்கு நாம் பார்ப்பதற்கு. பகல் விளக்கு அடுத்தவர் நம்மைப் பார்ப்பதற்கு. சுவீடனில் 1977-லேயே பகலிலும் விளக்கோடுதான் ஓட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். குளிர்காலத்தில் சூரியன் அதிகம் தலை தூக்காத நாடு. ஐரோப்பாவில் 2012 ஆகஸ்ட் முதல் புது ரக லாரி, பஸ்களுக்கும் இது கட்டாயம். வெயில் காயும் நம் சாலைக்கு இது எதற்கு என்று கேட்கிறார்கள். நிழல் இருக்கிறதே, நம்மிடம்.

*

செய்த வேலை சரியாகத்தான் இருக்கிறது. லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு. சீரியலில் சேர்ந்து 24. எஞ்சின் ஓடினால் டைனமோ அதை 28 வரை ஏற்றும். கார் கடையில் வாங்கிய 12 வோல்ட் எல்.இ.டி. பட்டைகள் இரண்டைச் சீரியலில் மாட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே அளவு கரண்ட் இழுக்காவிட்டால் ஒன்றின் தலையில் வோல்ட் கூடி அது சாகும். கூடவே மற்றதும் அணையும். அதனால் 24 வோல்ட் விளக்காகவே தேடி வாங்கினேன். பேட்டரியிலிருந்து ப்யூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் முனைக்கு ஒரு ஒயர். 87-லிருந்து விளக்குகளுக்கு. சாவி போட்டதும் கரண்ட் வருகிற ஒயர் 86-க்கு. 85 எர்த். ப்யூஸைப் பேட்டரியை ஒட்டியே வைத்தேன். தள்ளி வைத்தால், அதற்கு முந்திய ஒயர் உரசிச் சேசிஸில் பட்டால் காப்பாற்ற ஒன்றும் கிடையாது, கேபின் எரியும்.

இவ்வளவு யோசித்தவனுக்கு இந்த மங்கல் பிடிபடவில்லை.

முதலில் விளக்குகளை மாற்றிப் போட்டேன். மங்கல் வலப்பக்கத்திலேயே நின்றது. அப்படியானால் விளக்கில் குறை இல்லை. ஒயரைப் புதிதாக இழுத்தேன். அதே மங்கல். விளக்கைக் கழற்றி பிளக்கில் மீட்டர் வைத்தேன்: 25.2. வர வேண்டியது வருகிறது. ஆனாலும் எரிய மாட்டேன் என்கிறது. கோபம் வரவில்லை, ஒரு பயம்தான் வந்தது. தெரியாத ஒன்றை வண்டியில் மாட்டிவிட்டோமோ என்று.

*

மூன்றாம் வீட்டு அண்ணா டீ வாங்கப் போகிற வழியில் நின்றார். நாற்பது வருடம் லாரி ஒயரிங் பார்த்த கை. இப்போது பார்வை மங்கிவிட்டது, பட்டறையை விட்டுவிட்டார்.

"எர்த்தைப் பாத்தீங்களா தம்பி?"

"போல்ட்டுல நல்லா முடுக்கி வெச்சிருக்கேனுங்ணா."

"வெளக்கு எரியறப்ப பாருங்க. கழட்டி வெச்சுப் பாத்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கும்."

விளக்கை எரியவிட்டேன். மீட்டரின் கருப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்தேன். சிவப்பு முனையை வலது விளக்கின் கருப்பு ஒயரில் வைத்தேன். ஏறக்குறைய சைபர் காட்ட வேண்டும். காட்டியது 4.1. இண்டிகேட்டரைப் போட்டதும் அது ஒன்பதுக்கு ஏறி இறங்கியது. ஏற ஏற விளக்கு அணைந்தது.

அப்போதுதான் விளங்கிற்று. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று விளக்கின் எர்த்தையும் வலது இண்டிகேட்டரின் எர்த்தையும் ஒரே போல்ட்டில் சேர்த்து முடுக்கியிருந்தேன். அந்தப் பிராக்கெட் போன மாதம்தான் பெயிண்ட் அடித்தது. எர்த் ஒயர் நுனியின் லக்குக்கு அடியில் முழுக்க பெயிண்ட். போல்ட் மரையின் ஓரத்தில் எங்கோ ஒரு நூல் அளவு இரும்பு தொட்டுக்கொண்டிருந்தது. மீட்டருக்கு அந்த நூல் போதும். அது கரண்டே இழுப்பதில்லை. விளக்குக்குப் போதாது. இண்டிகேட்டரும் அதே இடுக்கு வழியாகத் திரும்பப் பார்த்தால் விளக்குக்கு வழியே இல்லை.

"போற வழிய எல்லாருந்தான் பாப்பாங்க. போன கரண்ட் திரும்பி வரணும்ல தம்பி," என்றார் அண்ணா. டீ ஆறுகிறது என்று நடந்தார்.

*

போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்தேன். பச்சைப் பெயிண்ட், அடியில் சிவப்பு பிரைமர், அதற்கும் அடியில் சாம்பல் வெள்ளையாய் இரும்பு. காசளவு இடம். தேய்த்த இடத்தில் வெயில் பட்டு மின்னியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு எர்த்தையும் பிரித்துத் தனித்தனிப் போல்ட்டில், பல் வாஷர் வைத்து முடுக்கினேன். முடுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவினேன். மழைத் தண்ணீர் இறங்கினால் துரு ஏறி மறுபடியும் இதே கதைதான்.

மீட்டர் 0.04 என்றது.

மகள் தெருக்கோடிக்கு ஓடிப்போய் நின்று பார்த்தாள். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்ப்பா. நல்ல தூரத்துலயே தெரியுது."

*

இன்னும் ஒரு வேலை பாக்கி. ஹெட்லைட் போட்டால் இவை அணைய வேண்டும். இல்லையென்றால் இரவில் எதிரே வருபவருக்குக் கண் கூசும். 87ஏ உள்ள ஐந்து முனை ரிலே ஒன்று போட்டு, அதன் காயிலுக்கு ஹெட்லைட் ஒயரைக் கொடுத்தால் தீர்ந்தது. சாயங்காலம் கடை திறந்ததும் வாங்க வேண்டும். அதை மாட்டாமல் நாளை வண்டியை எடுக்கப்போவதில்லை.

நீங்களும் வீட்டில் வைத்து மாட்டுகிறவராக இருந்தால், விளக்கு எரியும்போதே எர்த்தில் மீட்டர் வைத்துப் பாருங்கள். பெயிண்டைச் சுரண்டத் தயங்காதீர்கள்.