சந்தனமும் அராகமும்

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவத்தின் 25 நாள்களிலும், பரிஸிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்திறங்கும் நம்மவர், ஆசார நியமப்படி மேலாடை களைந்து உள்நுழைகையில், அவர்தம் மேனியினின்று எழும் பிரெஞ்சு வாசனைத் திரவியம், கற்பூரப் புகையோடும், மணல் வீதியில் பிரதட்டை செய்வோரின் வியர்வையோடும் கலந்து, ஒரு விசித்திர பரிமளமாகிவிடுகிறது. கெர்லேன் நிறுவனம் 1989இல் வெளியிட்ட 'சம்சாரா' என்னும் வாசனைத் திரவியத்துக்கு ஆதாரமான சந்தனமும், நம் குருக்கள் கல்லில் உரைத்துத் தரும் சந்தனமும் ஒரே சாதி மரத்தினவே. ஆயினும், பரிஸ் நங்கைக்கு அது சிருங்காரம், நமக்கோ பிரசாதம். அராபியர் அகிற்புகையை ஆடைக்கு ஊட்டி மகிழ்வர். யப்பானியரோ பெரும்பாலும் அயலார் நாசியை உறுத்தாத மென்மணத்தையே நாடுவர்.

கந்தம் பிருதிவியின் குணம். அது எங்கும் ஒன்றே. அங்ஙனமாயின், இந்த ருசிபேதம் எங்கிருந்து பிறக்கிறது? 36 தத்துவங்களுள் ஒன்றாகிய அராகமே, அவ்வவ் ஆன்மாவின் கன்மத்துக்கு ஏற்ப இச்சையை எழுப்புகிறது என்று சைவ சித்தாந்தம் விடையிறுக்கும். தேசாசாரமும் (ஏன், கடைவீதி விளம்பரமும்கூட) அக்கன்மத்தின் கருவிகள்தாமோ என்று நான் ஐயுறுவதுண்டு. எவ்வாறாயினும், வாசனை பூசிய மேனியோடு சந்நிதியில் நிற்பது அபசாரமென்று முகஞ்சுளிக்கும் முதியோரோடு உடன்பட என்னால் இயலவில்லை. பன்னீரிலும் சந்தனத்திலும் அபிஷேகம் கொள்ளும் முருகன், நறுமணத்தை வெறுத்தவன் அல்லன்.