கைதப்பிய கணையும் வினைப்பற்றும்

கருத்தின்றி நிகழ்ந்த செயல் செய்தானைப் பற்றுமோ, பற்றாதோ என்னும் வினா சைவ நூலுணர்ச்சியுடையார்க்குப் புதியதன்று. புதுவையைச் சார்ந்த மடுகரையிலிருந்து அன்பரொருவர் அதனைப் புதியதோர் எடுத்துக்காட்டோடு இயைத்து எம்பால் வினவியுள்ளார். இக்காலத்து வில்லாளருட் சிலர் நாணை விரலாற் பற்றாது ஒரு சிறு விசைக் கருவியாற் பற்றுகின்றனர். அக்கருவி பழுதுற்று, வில்லாளன் விடக் கருதுமுன்னரே அம்பு விடுபட்டு ஒருவரைப் புண்படுத்துமாயின், அத்தீவினை வில்லாளனதோ, கருவியினதோ, புண்பட்டானது முன்வினையோ என்பது அவர் வினா. கைவேலைக்கெல்லாம் பொறிகளை நம்பி வாழும் இந்நாளில் இவ்வினா வில்லாளரை மட்டும் தொடுவதன்று. ஆகலின் இதனைச் சிறிது விரித்து ஆராய்வாம்.

முதற்கண் அக்கருவியின் இயல்பு அறிதல் வேண்டும். நாண் உரைசாமற் காத்தற்குப் பண்டை வில்லாளர் முன்கையிற் கோதையும் விரலிற் புட்டிலும் அணிந்தனர். துருக்கரும் மொகலாயரும் பெருவிரலில் ஒரு வளையம் பூண்டு அதனால் நாணை ஈர்த்தனர். இவையெல்லாம் விரலைக் காத்தனவேயன்றி விரலின் தொழிலைத் தாம் மேற்கொண்டனவல்ல. அமெரிக்க நாட்டு ஹோலெஸ் வில்பர் ஆலன் என்பார் வில்லின் இரு நுனியிலும் உருளைகள் பொருத்தி அமைத்த 'காம்பவுண்டு' வில்லுக்கு 1966-இல் காப்புரிமை வேண்டி 1969-இல் பெற்றார். அவ்வில்லை முற்ற ஈர்த்தபின் கைக்குத் தோன்றும் பளு பெரிதும் குறையும். ஆகலின் நெடிது குறிபார்த்து நிற்றல் கூடும். அதனோடு வழக்குக்கு வந்ததே 'ரிலீசர்' எனப்படும் விசைக் கருவி. அதன் கொக்கி நாணிற் கட்டிய சிறு கண்ணியைப் பற்றும். உள்ளே ஒரு பல் மற்றொரு பல்லைத் தாங்கி நிற்கும். விரல் விசையை அழுத்தினும், கருவியே சிறிது சுழலினும், அப்பல் நழுவ நாண் விடுபடும்.

பழுது நேரும் இடமும் அதுவே. பல் தேய்ந்தாலும், தூசி படிந்து கொக்கி முற்ற மூடாவிடினும், விசையை மிக மெல்லிதாக முடுக்கி வைத்தாலும், ஈர்க்கும்போதே விரல் அறியாது தொட்டாலும், அம்பு காலத்துக்கு முன்னே செல்லும். சில வேளை ஈர்த்த கையே வில்லாளன் முகத்தில் மோதும். சில வேளை அம்பு இலக்கின்றி எங்கோ பறக்கும். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிகள் இக்கருவியைக் காம்பவுண்டு பிரிவில் மட்டும் இசைகின்றன. தவறி விடுபடும் அம்பு காவல் எல்லையைக் கடந்து செல்லுமாறு வில்லை உயர்த்தி ஈர்த்தலையும் அவை விலக்குகின்றன. இப்பிரிவு நம் நாட்டிற் பெருகி வருவது. 2023-இல் ஹாங்சோ நகரத்து ஆசிய விளையாட்டில் இதன் ஐந்து பொற்பதக்கங்களையும் இந்தியரே வென்றனர். மற்றொரு பக்கமும் உண்டு. 2020 ஜனவரியில் அசாம் மாநிலத்துத் திப்ருகர் மாவட்டத்திற் பயிற்சிக்களத்தில் நின்ற சிறுமியொருத்தியின் உடலில் அம்பு பாய்ந்து தைத்தது. அவளை விமானத்தில் டில்லிக்குக் கொண்டுசென்று அறுவை செய்து அம்பை நீக்கினர். அம்பு எவ்வாறு விடுபடினும் புண் புண்ணே என்பதற்கு அந்நிகழ்ச்சி போதும்.

இனி, இவ்வினாவுக்கு மூவர் மூவகையாக விடை கூறுவர். 'வினைக்கு முதல் கருத்து, கருத்தில்வழி வினையில்லை, வினையில்வழிப் பாவமில்லை' என்பார் ஒருவர். 'தீயை அறியாது தொட்டாலும் சுடும். கொலை அறியாது செய்யினும் கொலையே' என்பார் மற்றொருவர். 'புண்பட்டான் தன் பிராரத்தத்தை நுகர்ந்தான்; எய்தவன் அதற்கொரு வாயிலாயினான்; ஆகலின் எய்தவனை நோவதென்னை' என்பார் மூன்றாமவர். இம்மூன்றும் ஒவ்வோரளவில் மெய்ம்மை உடையன. எனினும் ஒன்றேனும் முடிந்த முடிபன்று.

இரண்டாவதனை முதலில் நோக்குவாம். புறச்செயல் ஒன்றே வினையின் இயல்பை வரையறுக்குமாயின், தக்கன் செய்த வேள்வி அறமாகவும், சண்டீசர் தந்தையின் தாளைத் துணித்தது பாதகமாகவும் முடிதல் வேண்டும். சிவஞானசித்தியார் இவ்விரண்டையும் எடுத்துக்காட்டி மறுதலையே நிறுவிற்று. மனுமிருதியின் பதினோராம் அத்தியாயமும் அறியாது செய்த பாவத்துக்கு ஒரு கழுவாயும் அறிந்து செய்ததற்கு வேறு கழுவாயும் வகுத்தது. ஆகலின் அறிவும் அறியாமையும் வேற்றுமை செய்யா என்றல் பொருந்தாது. தீயின் உவமையும் பொருந்தாது. தீ சடம், வினைப்பயனை ஊட்டுவானோ அறிவுடைய முதல்வன்.

அற்றேல் முதலாமவர் கூற்றே கொள்ளற்பாலதோ எனின், அன்று. அம்பு விடுபட்ட கணத்திற் கருத்தில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு செயல் ஒரு கணத்தில் முடிவதன்று. கருவியை வாங்கியது கருத்தோடு. முன்னொருநாள் அது நழுவியதைக் கண்டும் 'இன்றைக்கு ஆகட்டும்' என்று கச்சையிற் செருகியது கருத்தோடு. எண்ணிக்கை மிகுதல் வேண்டி விசையை மெல்லிதாக்கியது கருத்தோடு. முன்னே ஆள் நிற்க அம்பை நாணிற் பூட்டியதும் கருத்தோடு. இவற்றின் விளைவே அக்கணம். வில்லியனூர்த் தேர்த் திருவிழாவைக் கண்டோர் தேர்க்காலுக்கு முட்டுக்கட்டை இடுவோரையும் கண்டிருப்பர். வெடித்த கட்டையென்று அறிந்தும் அதனை எடுத்து வந்தானொருவன், தேர் நில்லாது சென்றபின், 'யான் தள்ளினேனல்லேன்' என்பானாயின் ஊரார் ஏற்பரோ? தள்ளாமை உண்மை; தாங்காமையும் உண்மை. ஆன்றோர் பொச்சாப்பு என்று பெயரிட்டுக் கடிந்த குற்றம் இதுவே. கருவி சடமாகலின் வினைமுதலும் ஆகாது, பயன் நுகர்வதும் ஆகாது. பழுதென்றறிந்தே அதனை விற்றவனுக்கு மட்டும் அவ்வினையிற் பங்குண்டு.

இவற்றுள் ஒன்றுமின்றி, நாடோறும் ஆய்ந்து, எல்லை காத்து, விதி வழுவாது நின்றவன் கையிலும் கருவி முறியலாம். அவன்பால் ஏறுவது யாதெனின், கொலைக் கருத்தின் வினை ஏறாது. சோர்வின் வினையும் ஏறாது. எனினும் அவன் கடன் முடிந்ததன்று. அதனைப் பின்னர்க் கூறுதும்.

இங்கே வில்லாளர் தம் தொழிலிலிருந்தே ஓர் உண்மை அறியக்கிடக்கிறது. இக்கருவியிற் கைதேர்ந்தோர் 'இப்போது விடுவேன்' என்று கருதி விடுதலைக் குறையாகக் கொள்வர். அவ்வாறு கருதிய அளவிற் கை அசைந்து குறி பிழைக்கும். ஆகலின் முதுகுத் தசையால் மெல்ல மெல்ல ஈர்த்து நிற்பர். கருவி தானே ஒரு கணத்தில் விடும். அக்கணத்தை அவரும் முன்னறியார். சிறந்த எய்கையும் கணத்தளவிற் கருதாத எய்கையே என்பது இதனாற் பெறப்படும். எனவே, கணத்திற் கருத்தின்மையால் புண் எனதன்று என்பானுக்கு, அக்காரணத்தானே பதக்கமும் அவனதன்று. இலக்கின் நடுவே தைத்தபோது 'யான் எய்தேன்' என்றும், அயலான் தோளில் தைத்தபோது 'விசை எய்தது' என்றும் கூறுதல் ஒரு நாவில் இரு வழக்கு. 'யான்' 'எனது' என்னும் செருக்கின் உருவம் இதுவே. வரவை மட்டும் எழுதிச் செலவைப் பிறர் கணக்கில் வைக்கும் கணக்கன் போல்வது.

மூன்றாமவர் கூற்றும் இவ்வாறே ஆராயற்பாலது. புண்பட்டான் நுகர்ந்தது அவன் பிராரத்தமே. அதனை மறுக்கும் சைவரில்லை. ஆனால் அவனுக்கு அது நுகர்ச்சியாகும்போதே எய்தவனுக்கு அது செயலாகும். ஒன்று பிராரத்தம், மற்றொன்று ஆகாமியத்துக்கு வித்து. இரண்டையும் இயைத்து ஊட்டுவான் இறைவன். ஒருவன் பிராரத்தம் மற்றொருவன் ஆகாமியத்தை அழிக்குமாயின் உலகிற் குற்றமென்பதே இல்லையாம். கொலைஞனும் இதனையே கூறித் தப்புவான். 'எல்லாம் அவன் செயல்' என்பது ஒருவன் தன் ஊதியத்தைக் குறித்து முதலிற் கூறிப் பழகற்குரியது. சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம் கூறும் இறைபணியில் நின்றார்க்கே அச்சொல் உரியது. அந்நிலையில் நின்றார் சோர்வுடையராதலும் இல்லை. பிறர் புண்ணைக் கண்டபோது மட்டும் அதனைக் கூறுதல் ஞானமன்று, ஞானத்தின் உடையைக் களவாடி உடுத்தல்.

இனி, யாதொரு சோர்வுமின்றியும் ஊறு நேர்ந்தானது கடன் யாது? திருவாரூர் மனுநீதிச் சோழர் வரலாறு இதற்கு விளக்கம். அரசிளங்குமரன் தேர் செலுத்துகையில் ஆன்கன்று துள்ளிவந்து காலிற்பட்டு இறந்தது. அவன்பாற் கொலைக் கருத்தில்லை. அமைச்சர் அதனை எடுத்துக்கூறி மறைநூல் வகுத்த கழுவாயே அமையுமென்றனர். அவர் கூற்றிற் பிழையில்லை. அவர் நோக்கியது செய்தவன் உள்ளத்தை. மன்னர் நோக்கியது கன்றிழந்த ஆவின் துயரத்தை. கருத்தில்லை என்னும் விடை செய்தவனை ஆற்றும்; இழந்தாரை ஆற்றாது. உயிர்க்குத் தன்னாலும் தன் பரிசனத்தாலும் வரும் அச்சத்தையும் தீர்த்தல் காவலன் கடனென்பதே சேக்கிழார் அம்மன்னர்பால் வைத்த அறம். மைந்தனைத் தேர்க்காலிலிட்ட தண்டத்தை நாம் பின்பற்றுமாறு அவ்வரலாறு கூறிற்றன்று. இறைவனே வெளிப்பட்டுக் கன்றையும் அமைச்சனையும் மைந்தனையும் எழுப்பியருளினான். நாம் கொள்ளத்தக்கது, ஊறு எய்தியவர் பக்கம் முதலிற் சென்று நிற்றல் என்னும் ஒன்றே.

விளையாட்டு விதி ஒன்றை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. தவறி விடுபட்ட அம்பின் ஒரு பகுதியேனும் எய்வோர் கோட்டுக்கு முன்னே 3 மீட்டர்க் கோட்டுக்குள் கிடந்தால் அதனை எய்யாத அம்பாகக் கொண்டு மீண்டும் எய்ய இசைவர். அதற்கப்பாற் சென்றது எய்த அம்பே. கருத்தை அளக்க நடுவர்க்குக் கோலில்லை. ஆகலின் நிலத்தை அளக்கின்றனர். ஆட்டத்துக்கு அது போதும். வினைக்குப் போதாது. உள்ளத்தின் ஆழத்தை அளப்பவன் ஒருவன் உளன் என்று கொண்ட நமக்கு, கோட்டுக்கு இப்பாலா அப்பாலா என்று வழக்கிடுதல் தகாது.

இவ்வாராய்ச்சி வில்லாளரோடு முடிவதன்று. நம் தனுவும் கரணமும் மாயையின் காரியமாய் நமக்குத் தரப்பட்ட கருவிகளே. அவற்றுள் நா மிக மெல்லிய விசையுடையது. கருதுமுன்னே சினச்சொல் பறந்து ஒருவர் நெஞ்சிற் பாயும். பாய்ந்தபின் 'வாய் தவறியது' என்போம். வாய் தவறியது ஒரு கணம். அவ்விசையை மெல்லிதாகத் தேய்த்தது பல்லாண்டுப் பழக்கம். கண்ணப்பர் கையிலும் அம்பே இருந்தது. அது தம் கண்ணை இடந்து அப்புதற்கு உதவிற்று. கருவி யாவர்க்கும் ஒன்றே, அதன் பின்னின்ற அன்பே வேறு.

ஆகவே மடுகரை அன்பர்க்கு யாம் கூறும் விடை இது: விடுபட்ட கணத்துக்கு வில்லாளன் கொலைப்பழி உடையனல்லன், அக்கணத்தைச் சமைத்த தன் சோர்வுக்கு முற்றும் உடையன், சோர்வில்லாவிடினும் புண்பட்டார்பாற் கடனுடையன். கருவியை எய்தற்குமுன் ஆய்தல் அறம். எய்தபின் புண்ணை ஆற்றல் அறம். இவ்விரண்டையும் செய்தான் ஒருவனே, எஞ்சியதை இறைவன் திருவடியில் வைத்து நிற்கத் தக்கான்.